உபசரிப்பு யாரைக் கொல்கிறது?

மதிய நேரத்தில் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் ஏதாவதொரு வாழையிலைக் கடைக்குள் போய் உட்காருங்கள். இலையில் என்ன விழுகிறது என்று மட்டும் கவனியுங்கள். முதலில் காய் வகை மூன்று: முட்டைக்கோஸ் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, எண்ணெயில் நன்றாக வதங்கிய கத்தரிக்காய். இலையின் ஓரத்தில் வெள்ளரிப் பச்சடி, ஒரு சின்னக் கரண்டி. பிறகு சோறு, அதன்மேல் குழம்பு. அப்பளம், மோர் மிளகாய், மொறுமொறுவென்று பொரித்த பாகற்காய். கூடவே கோழிப் பிரட்டலோ மீன் பொரியலோ. ஊற்றிய குழம்பு சோற்றுக்குள் இறங்குவதற்குள் பரிமாறுபவர் சோற்று வாளியோடு மறுபடியும் வந்து நிற்பார். வேண்டாமென்றால் இலையின்மேல் இரண்டு கையையும் விரித்து மறைத்தாக வேண்டும். இத்தனையிலும் நெருப்புப் படாதது அந்த ஒரு கரண்டி வெள்ளரிக்காய்தான். அதைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் முறை யாரும் வருவதில்லை.

இந்த இலையைத்தான் நம் விருந்தோம்பலின் அடையாளமாகக் கொண்டாடுகிறோம். இதை வைத்தே ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. வந்தவருக்குக் கெடுதல் செய்யும் என்று தெரிந்த பின்னும் ஒன்றை அள்ளி அள்ளி வைப்பதற்கு அன்பு என்று பெயர் சூட்டலாமா?

தெரிந்த பின்னும் என்று சொல்லக் காரணம் உண்டு. 2019-இல் நடந்த மலேசியத் தேசியச் சுகாதார ஆய்வு, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருப்பதாகக் கண்டது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்கள்தாம் முதலிடம். கிட்டத்தட்ட மூவரில் ஒருவர். 2023 ஆய்வில் நாட்டின் விகிதம் 15.6-ஆகக் குறைந்தது. நம்முடைய முதலிடம் மட்டும் மாறவில்லை. அதே 2019 ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: பெரியவர்களில் 95 விழுக்காட்டினர் போதிய அளவு காய்கறியும் பழமும் சாப்பிடுவதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் கேட்பது நாளொன்றுக்கு 400 கிராம். அதில் உருளைக்கிழங்கு போன்ற கிழங்குகள் சேராது. இன்று இந்த நாட்டில் 50,000-க்கும் மேற்பட்டோர் டயாலிசிஸால் உயிர் வாழ்கிறார்கள். சிறுநீரகம் செயலிழப்பதற்கு இங்கே முதல் காரணம் இனிப்பு நீர்தான். வாரத்துக்கு மூன்று நாள் ஊசிக்குக் கை நீட்டும் மாமாவும், கால்விரல் எடுக்கப்பட்ட பெரியம்மாவும் கிள்ளானில் எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் அந்நியரில்லை.

இனி ஒரு கல்யாண மண்டபத்துக்கு வாருங்கள். அறுநூறு பேர் வந்திருக்கிறார்கள். நாலில் ஒருவர் என்று குறைத்தே கணக்குப் போட்டாலும் நூற்றைம்பது பேர் இனிப்பு நீர்க்காரர்கள். அவர்கள் முன்னால் நாம் அடுக்குவது என்ன? பிரியாணி, பீஹூன் கோரெங், வடை, கேசரி, ஜாங்கிரி, குவளை குவளையாகச் சிராப் பண்டோங். “ஒரு நாளைக்குத்தானே, சாப்பிடுங்க” என்று வற்புறுத்துவதும் நாமே. கல்யாணம், காதுகுத்து, பதினாறாம் நாள், பிறந்தநாள், கோயில் அன்னதானம், தீபாவளித் திறந்த இல்லம் என்று அந்த ஒரு நாள் மாதத்தில் நாலு முறை வருகிறது.

அதே மண்டபத்தில் வெள்ளரி, கேரட், தக்காளி, முள்ளங்கி, கொய்யா, பப்பாளி என்று பெரிய பெரிய தட்டுகளில் நறுக்கி முதல் வரிசையில் வைத்துப் பாருங்கள். செலவுக்கு யோசித்துவிட்டார்கள் என்பார்கள். பெண்ணைப் பெற்றவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வார். பச்சையாக ஒன்றை வைப்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக நமக்குள் இருக்கிறது. நாக்குக்குப் பிடிக்காததால் தள்ளுகிறோம் என்று சொல்ல முடியாது. மாங்காயை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு வழியெல்லாம் தின்கிற நாக்குதான் இது. குறுக்கே நிற்பது கௌரவம்.

இந்தக் கௌரவம் எங்கிருந்து வந்தது என்று தோண்டினால் நல்ல இடத்தில் போய் முடியாது. பழைய சாதி ஒழுங்கில் தீட்டு ஒட்டிக்கொள்வது சமைத்த உணவில். அரிசி, காய், பழம், தேங்காய் இவற்றை யார் கையிலிருந்தும் வாங்கலாம். உலையில் ஏறிய பிறகுதான் யார் சமைத்தது என்ற விசாரணை. யார் வீட்டில் கை நனைக்கலாம், யார் வீட்டில் கூடாது என்ற சட்டமெல்லாம் அடுப்பைச் சுற்றி எழுதப்பட்டது. நம் வீட்டில் சாப்பிடாத புரோகிதருக்கு அரிசியும் வாழைக்காயும் தானமாகக் கொடுத்தோம். வேலைக்காரருக்குக் கூலியாக நெல்லை அளந்தோம். சமமானவரை மட்டும் பந்தியில் உட்கார வைத்தோம். சமைத்ததைக் கொடுத்தால் உறவு, பச்சையாகக் கொடுத்தால் தானம் அல்லது கூலி. மரியாதை அடுப்போடு ஒட்டிக்கொண்டது இப்படித்தான் என்பது என் முடிவு. நெருப்பில் வைக்காததை விருந்தாளிக்கு நீட்ட இன்றைக்கும் கை கூசுகிறதே, அந்தக் கூச்சத்தின் வேரைத் தேடினால் தீட்டில் போய் நிற்கிறது.

அர்ச்சனைத் தட்டைப் பாருங்கள். தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, பாக்கு. ஒன்றுகூட அடுப்பைப் பார்த்ததில்லை. கடவுளுக்கு வைத்தால் குறைவில்லாதது, இனிப்பு நீரோடு வந்திருக்கும் சித்தப்பாவுக்கு வைத்தால் மட்டும் எப்படிக் குறைவாகும்? தைப்பூசத்தன்று பினாங்கில் தேங்காய்களைச் சாலையில் மலைமலையாக உடைத்துத் தள்ளாதீர்கள் என்று பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. உண்ணக்கூடியதைத் தெருவில் சிதறடிக்கக் கூசாத நாம் அதைத் துருவிப் பந்தியில் வைக்கக் கூசுகிறோம்.

இந்தத் தீட்டை எதிர்த்த வரலாறும் நமக்கு உண்டு. 1929 இறுதியில் பெரியார் மலாயா வந்தார். 1954-இல் மறுபடியும் வந்தார். 1946 முதல் இங்கே திராவிடர் கழகம் இருக்கிறது. சுயமரியாதை இயக்கம் எடுத்துக்கொண்ட பெரிய வேலைகளில் ஒன்று சமபந்தி. யாரோடு யார் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதை அது மாற்றிக்காட்டியது. அதற்காக அடி வாங்கியவர்கள் இருக்கிறார்கள், ஊரை விட்டு ஒதுக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பந்தியில் என்ன பரிமாறுகிறோம் என்ற கேள்வி அன்றைக்கு எழவில்லை. பசி பெரிதாக இருந்த காலம் அது. இன்றைக்கு நம்மைக் கொல்வது பசியில்லை. அந்த இயக்கத்தின் பிள்ளைகள் என்று சொல்லிக்கொள்கிற நாம், கோயில் சடங்கிடம் ஆதாரம் கேட்கிற நாம், இலைக்கு முன்னால் உட்கார்ந்தவுடன் கேள்வி கேட்பதை ஏன் நிறுத்திக்கொள்கிறோம்?

வீட்டுக்குள் வந்தால் இதே கௌரவம் பெண்ணின் தலையில் ஏறுகிறது. எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு, ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து கிள்ளானுக்கு வந்து சேர்கிறாள். இரவுச் சாப்பாட்டுக்குச் சோறும் ஒரு பருப்பும் வைத்து, பக்கத்தில் ஒரு தட்டு நிறைய வெள்ளரியும் கேரட்டும் நறுக்கி வைக்கிறாள். “ஏன், இன்னைக்கு ஒன்னும் சமைக்கலையா?” என்று ஒரு குரல் வருகிறது. அந்தக் கேள்வியில் இருப்பது பசியில்லை, கணக்குக் கேட்கிற அதிகாரம். தனக்காக ஒரு பெண் அடுப்படியில் எவ்வளவு நேரம் வெந்தாள் என்பதை வைத்து அன்பை அளக்கும் பழக்கம். சமையற்கட்டிலிருந்து பெண்ணை விடுவிக்க வேண்டும் என்று பெரியார் பேசியதை மேடையில் எடுத்துச் சொல்கிற ஆண்கள், வீட்டுக்கு வந்து இரண்டு கேரட்டைச் சீவலாம். அதற்கு அடுப்பு பற்ற வைக்கத் தெரிய வேண்டியதுகூட இல்லை.

பச்சையாகச் சாப்பிடுவது நமக்குப் புதிதா? கோசுமரி இருக்கிறது: ஊறிய பாசிப்பருப்பு, பொடியாக நறுக்கிய வெள்ளரி, தேங்காய்த் துருவல், எலுமிச்சை. வாழைத்தண்டைச் சன்னமாக அரிந்து மோரில் போட்ட பச்சடி இருக்கிறது. ரயில்வேயில் குமாஸ்தா வேலைக்கு வந்து பிரிக்பீல்ட்ஸில் குடியேறிய யாழ்ப்பாணக் குடும்பங்களில் வல்லாரைச் சம்பல் இருந்தது. இலையைக் கழுவிப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய் சேர்த்துப் பிசைந்து, தேசிக்காய் பிழிந்தால் முடிந்தது. பத்து நிமிட வேலை. இதே வல்லாரையைத்தான் மலாய்க்காரர்கள் பெகாகா என்று உலாமாகச் சாப்பிடுகிறார்கள். நாசி சம்பூர் கடையின் ஒரு மூலையில் அந்தத் தட்டு இருக்கும்: பெகாகா, உலாம் ராஜா, சிறகவரை, முந்திரித் தளிர், வெள்ளரி, நடுவில் சம்பால் பெலாச்சான். நூற்றாண்டுக்கு மேல் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்து நாம் அவர்களிடமிருந்து நாசி லெமாக்கை எடுத்துக்கொண்டோம், சம்பாலை எடுத்துக்கொண்டோம், தேங்காய்ப்பாலில் ஊறிய குவே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டோம். உலாம் தட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறோம். நாசி லெமாக் பொட்டலத்தில் வருகிற நாலு துண்டு வெள்ளரியும் காகிதத்தோடு சேர்ந்து குப்பைக்குப் போகிறது.

இவ்வளவு சொன்ன பிறகு, எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்களிடமும் பேச வேண்டும். சமைத்த உணவு செத்த உணவு, பச்சை உணவே உயிருள்ள உணவு, நெருப்புப் பட்டால் என்சைம் செத்துவிடும், நாற்பது நாள் பச்சையாகச் சாப்பிட்டால் இனிப்பு நீர் ஓடிவிடும், மாத்திரையைத் தூக்கிப் போடு என்று வாட்ஸ்அப்பில் உபதேசம் செய்கிறவர்கள் நம் ஊரிலும் பெருகிவிட்டார்கள். இது கோயிலை விட்டு வெளியே வந்து காய்கறிக் கூடைக்குள் புகுந்துகொண்ட மூடநம்பிக்கை. காயில் இருக்கும் என்சைம் ஒரு புரதம். மற்றப் புரதங்களைப் போலவே வயிற்றில் செரித்துப்போகும். நமக்கு வேண்டிய செரிமான என்சைம்களை நம் உடலே சுரக்கிறது. தக்காளியின் லைக்கோபீனும் கேரட்டின் பீட்டா கரோட்டினும் கொஞ்சம் எண்ணெயோடு வேகும்போதுதான் உடலில் நன்றாகச் சேர்கின்றன. வைட்டமின் சி வேக வைத்தால் குறைகிறது. ஆகவே இரண்டும் வேண்டும். மரவள்ளியைப் பச்சையாகத் தின்றால் அதிலுள்ள சயனைடு நஞ்சாகும். ஜப்பான்காரன் காலத்தில் அந்தக் கிழங்கை அவித்துத் தின்று உயிர் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். நெருப்பின் அருமை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ராஜ்மாவை வேகாமல் தின்றாலும் வயிற்றைப் புரட்டிப் போட்டுவிடும்.

முழுக்கப் பச்சையாகவே வாழ்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியில் நீண்டகாலம் பச்சை உணவில் இருந்த 513 பேரை ஆராய்ந்து 1999-இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. 45 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு மாதவிடாய் ஒழுங்கற்றுப்போயிருந்தது அல்லது நின்றே போயிருந்தது. உடல் எடை அந்த அளவுக்கு இறங்கியிருந்தது. அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன், 1929-இல், காந்தி அடுப்பில்லாத உணவைத் தன்மேலேயே சோதித்தார். ஊறிய தானியம், கீரை, பழம் என்று சில மாதங்கள். வயிற்றுக்கடுப்பு வந்தது. நிறுத்தினார். தொடங்கியதை எப்படித் தன் பத்திரிகையில் எழுதினாரோ அப்படியே நிறுத்தியதையும் எழுதினார். அவருடைய எத்தனையோ நம்பிக்கைகள் எனக்கு உடன்பாடில்லை. இந்த நேர்மை பகுத்தறிவாளர் எல்லோரும் பழக வேண்டியது. சோதித்துப் பார், பலிக்காவிட்டால் வெளியே சொல்.

நல்ல பக்கத்துச் சான்றையும் அதே கறாரோடு பார்க்க வேண்டும். பிரிட்டனில் சுமார் நான்கு லட்சம் பேரின் தகவல்களை வைத்து 2022-இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. பச்சைக் காய்கறி அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. சமைத்ததை அதிகம் சாப்பிட்டவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. பச்சை உணவுக்காரர்கள் கொண்டாடக்கூடிய செய்தி. ஆனால் ஆய்வில் இருந்தவர்களின் பொருளாதார நிலை, படிப்பு, புகைப்பழக்கம் முதலியவற்றைக் கணக்கில் எடுத்ததும் வித்தியாசத்தின் பெரும்பகுதி கரைந்துபோனது என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். பச்சையாகச் சாப்பிடுகிறவர்கள் முதலிலேயே வசதியானவர்கள்.

அப்படியென்றால் வெள்ளரிக்காயால் பயனே இல்லையா? இருக்கிறது. அதிசயம் செய்யாத, சாதாரணமான பயன். வயிற்றில் இடம் பிடிக்கும், மெல்ல நேரம் எடுக்கும், எண்ணெயும் சீனியும் இல்லாமல் நார்ச்சத்து தரும். பச்சைக் காயை முதலில் சாப்பிட்டு முடித்தால் சோறு தானாகக் குறையும். நியூயார்க்கில் 2015-இல் 11 இனிப்பு நீர் நோயாளிகளை வைத்து ஒரு சிறு சோதனை நடந்தது. லெட்டூஸ், தக்காளிக் கலவையும், ஆவியில் வெந்த புரோக்கோலியும், கோழியும் முதலில். ரொட்டியும் ஆரஞ்சுச் சாறும் பதினைந்து நிமிடம் கழித்து. அதே உணவை ரொட்டியில் தொடங்கிய நாளைவிட, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் இரத்தச் சர்க்கரை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவாக இருந்தது. பதினொரு பேர்தான், பெரிதாகக் கோட்டை கட்ட முடியாது. ஆனால் செய்து பார்க்கச் செலவில்லை, ஆபத்தில்லை, வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால் பலனை நாமே அளந்துகொள்ளலாம். நம் சுகாதார அமைச்சு ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ என்று சொல்வதும் இந்தக் கணக்குத்தான்: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, மீதிப் பாதி காய்கறியும் பழமும். வாழையிலையில் இந்தப் பாதியை யாராவது ஒரு முறை அளந்து பார்க்கட்டும்.

ஆனால் எல்லோருக்குமே ஆபத்தில்லை என்று சொல்லிவிட முடியாது. டயாலிசிஸில் இருப்பவர்களுக்குத் தக்காளி, வாழைப்பழம், கீரை வழியாகப் பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுவிடக்கூடும். நட்சத்திரப் பழம் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு நஞ்சு. விக்கலில் தொடங்கி வலிப்பு, மரணம் வரை போயிருக்கிறது. அப்படிப்பட்டவருக்கு எதுவும் மருத்துவரைக் கேட்டுத்தான். முளைகட்டிய பயறும் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு தின்னக்கூடியது இல்லை. 2011-இல் ஜெர்மனியில் வெந்தய முளை வழியாகப் பரவிய ஈ.கோலை கிருமியால் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முளைகட்டும் ஈரமும் சூடும் கிருமிக்கும் உகந்தவை. நம் தட்பவெப்பத்தில் சொல்லவே வேண்டாம். முளையை ஒரு ஆவி காட்டிச் சாப்பிடுவதில் எந்தக் குறையும் இல்லை. இலையும் காயும் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவப்பட வேண்டும். இறைச்சி நறுக்கும் பலகை வேறு, காய் நறுக்கும் பலகை வேறு.

இனி வசதியின் கதை. கிள்ளான் துறைமுகத்தில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பார்த்துவிட்டு வருகிறவருக்கு மாமாக் கடையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் எந்த நேரமும் கிடைக்கும். கழுவி நறுக்கிய கொய்யா கிடைக்காது. கிடைத்தாலும் வயிறு நிறையாது. தோட்டத்தில் இருந்தவரை லயத்துக்குப் பின்னால் கொஞ்சம் மண் இருந்தது. வெண்டை, கீரை, முருங்கை, மிளகாய்ச் செடி, ஒரு பப்பாளி மரம். 1980-களிலும் 90-களிலும் தோட்டங்கள் கைமாறி வீடமைப்பும் நெடுஞ்சாலையுமாக மாறியபோது நம் மக்கள் அடுக்குமாடிகளுக்கு வந்தார்கள். கூலியோடு சேர்ந்து அந்த மண்ணும் போனது. இப்போது ஒரு கட்டுக் கீரைக்கும் பசாரில் காசு கொடுக்க வேண்டும். கழுவி நறுக்க நேரம் வேண்டும், வைக்கக் குளிர்சாதனப் பெட்டி வேண்டும். இவரைப் பார்த்து நீ ஏன் பச்சையாகச் சாப்பிடவில்லை என்று கேட்பது கொடுமை. என் கேள்வி அவரிடம் இல்லை. அடுத்தவருக்காக உணவைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் உள்ளவர்களிடம்.

கல்யாணத்துக்கு மெனு எழுதுகிறவர்களே, அன்னதானக் குழுவில் இருப்பவர்களே, தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையை மேற்பார்க்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரே, உங்களிடம்தான் கேட்கிறேன். அந்தத் துறைமுகத் தொழிலாளி வீட்டில் எதைச் சாப்பிடுகிறார் என்பது அவர் வசதியைப் பொறுத்தது. உங்கள் பந்தியில் எதைச் சாப்பிடுகிறார் என்பது உங்கள் பொறுப்பு. இனிப்பை ஒழிக்கச் சொல்லவில்லை. ஒன்று போதும், ஐந்து வேண்டாம். சிராப் பண்டோங் தொட்டிக்குப் பக்கத்தில் தண்ணீரை வையுங்கள். வரிசையின் முதலில், சோற்றுக்கும் வடைக்கும் முன்னால், கழுவி நறுக்கிய வெள்ளரியும் கேரட்டும் கொய்யாவும் பெரிய தட்டுகளில் இருக்கட்டும். தீர்ந்தால் நிரப்ப ஒருவரை நிறுத்துங்கள். வேண்டாம் என்று கையை விரிப்பவரை வற்புறுத்தாதீர்கள். செலவுக்கு யோசித்தார்கள் என்று யாராவது பேசினால், வந்திருப்பவர்களில் நாலில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருக்கிறது, அவருக்காக வைத்தோம் என்று உரக்கச் சொல்லுங்கள். அடுத்த கல்யாணத்துக்கே இதைத் தொடங்கலாம்.